ஒரே லிஸ்ட் வேண்டாம், தோழர்களே

டித்வா புயல் ஓய்ந்து நாலாவது நாள். கலஹா டவுனில் நிவாரணச் சாமான் ஏற்றிய இரண்டு லொறி நிற்கிறது, இறக்க இடமில்லை. பக்கத்து மண்டபத்தில் பால்மா பெட்டிகளை ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதே நேரம் மேல் டிவிசனில் ஒரு அக்கா தன் ஏழு மாதப் பிள்ளைக்குச் சீனித் தண்ணி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் மண் சரிந்த ஒரு பாதை. நடந்தால் ஒன்றரை மணித்தியாலம்.

அடுத்த நாள் பால்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறிப் போனபோது அந்த அக்கா ஒன்றுதான் கேட்டார். "டவுன்ல இருக்குன்னு யாராச்சும் சொல்லியிருந்தா நாங்களே எறங்கி வந்திருப்போமே தம்பி?"

எனக்கு வாய் வரவில்லை. சாமான் இருந்தது. கால் இருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிகிற வழி மட்டும்தான் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயல் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. எங்கள் பக்கம் முதலில் கரண்ட் போனது, பிறகு டவர் செத்து சிக்னல் போனது, பிறகு பாதை போனது. இதெல்லாம் நீங்களும் பார்த்ததுதான், நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நம்ம குழுவுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யோசனையைப் பற்றி. "அடுத்த தடவைக்கு ஒரு ஆப் செய்வோம். எல்லாத் தோட்டம், எல்லா லயம், எந்த வீட்டுக்கு என்ன தேவை, யாருக்கிட்ட என்ன இருக்கு, எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடுவோம்." கெம்பஸில் கம்ப்யூட்டர் படிக்கிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வடிவத்தில் செய்யக்கூடாது என்று நினைக்கிறேன். காரணத்தை வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்கும் இதே தலைவலிதான்

ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை வலையமைப்பில் சேர்த்து வேலை வாங்கும்போது முதலில் வருகிற கேள்வி கணக்குப் போடுவது எப்படி என்பதல்ல. சும்மா இருக்கிற மெஷின் எது? போதுமான மெமரி உள்ளது எது? நான் தேடுகிற ஃபைல் யாரிடம்? இதற்கு வளம் கண்டறிதல் என்று பெயர். பாடத்தில் ஒரு அலகாகப் படித்து, பரீட்சை எழுதி, மறந்திருந்தேன். அந்த அக்காவின் கேள்விதான் மறுபடி புத்தகத்தைத் திறக்க வைத்தது.

இதற்கு மனிதருக்கு முதலில் தோன்றுகிற தீர்வு நம்ம குழுவுக்குத் தோன்றியதேதான்: நடுவில் ஒரு பட்டியல். 1999இல் வந்த நாப்ஸ்டர் அப்படித்தான் வேலை செய்தது. பாட்டுகள் எல்லாம் பயனர்களுடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தன. எந்தப் பாட்டு யாரிடம் என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில். இசைக் கம்பனிகள் வழக்குப் போட்டு, 2001இல் அந்த சர்வர் நின்றது. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பாட்டுகள் அப்படியே இருந்தன, ஆனால் யாராலும் எதையும் தேட முடியவில்லை. (பதிப்புரிமை விஷயத்தில் கோர்ட் சொன்னது சரியா என்பது வேற கதை.)

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணித்தியாலம் காணாமல் போனது ஞாபகம் இருக்கும். மெஷின்கள் எரிந்து போகவில்லை, நம்ம போட்டோக்கள் அழியவில்லை. பராமரிப்பு வேலையில் நடந்த பிழையால் தரவு மையங்களை இணைத்த உள் வலையமைப்பு அறுந்தது. அதோடு, "நான் இந்த இடத்தில் இருக்கேன்" என்று உலகத்துக்குச் சொல்கிற பெயர் சர்வர்களும் இணையத்தின் வரைபடத்திலிருந்து விலகிக்கொண்டன. உலகத்தின் பெரிய கம்பனிகளில் ஒன்றுக்கே இந்த நிலை.

கண்டிக்காரங்களுக்கு இதற்குக் கூகிள் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகன பக்கம் கலவரம் நடந்தபோது, வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி மார்ச் 7ஆம் திகதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியது. வெறுப்புப் பரவியது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஊரடங்குக்குள் இருந்தவர்களுக்கு எந்தப் பாதை திறந்திருக்கு, சொந்தக்காரங்க எங்கே இருக்காங்க என்று தேடுகிற வழியும் அதே சுவிட்சில்தான் இருந்தது. சுவிட்ச் நம்ம கையில் இல்லை.

ஆகவே நடு சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஆப், நமக்குத் தேவைப்படும் அந்த நாளில்தான் வேலை செய்யாது. புயலின் நாலாவது நாளில் மேல் டிவிசனில் அதைத் திறந்தால் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

சத்தம் போட்டுக் கேட்பதும் சரிவராது

நாப்ஸ்டருக்குப் பிறகு, 2000இல் நுடெல்லா வந்தது. அதில் பட்டியலே கிடையாது. உனக்குத் தேவையானதைத் தெரிஞ்ச நாலு பேரிடம் கேள், அவங்க தங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்பாங்க. கேள்வி ஏழு படி போனதும் நிற்கும். கேட்க அழகாக இருக்கிறது. கணக்குப் பாருங்கள்: ஒருவர் நாலு பேரிடம், பிறகு ஒவ்வொருவரும் வேறு மூன்று பேரிடம் என்று ஏழு படி போனால், ஒரே ஒரு கேள்விக்கு 4,372 செய்திகள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் வலையமைப்பு தன் சத்தத்திலேயே மூழ்கிவிடும்.

இதுவும் நமக்குப் பழக்கமானதுதான். "அவசரம், பால்மா தேவை, ஷேர் பண்ணுங்க" என்ற ஃபோர்வர்ட். பால்மா கிடைத்து இரண்டு கிழமைக்குப் பிறகும் அந்த மெசேஜ் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே லயத்துக்கு மூன்று குழு சாமான் கொண்டு போய்க் கொட்டியது, அடுத்த லயத்துக்கு ஒன்றும் போகவில்லை. நுடெல்லாவிலாவது கேள்வி ஏழாவது படியில் செத்துப்போகும். நம்ம ஃபோர்வர்டுக்குச் சாவே இல்லை.

கொஞ்சம் பக்கத்தில், கொஞ்சம் தூரத்தில்

2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐந்து ஆய்வாளர்கள் கோர்ட் என்றொரு முறையை வெளியிட்டார்கள். (நீதிமன்றக் கோர்ட் இல்லை, வட்டத்தில் இழுக்கிற நாணின் ஆங்கிலப் பெயர்.) எல்லா மெஷினையும் ஒரு வட்டத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெஷினும் முழுப் பட்டியலையும் வைத்திருக்காது. பக்கத்தில் இருப்பவர் ஒருவர், கொஞ்சம் தள்ளி ஒருவர், அதைவிட இரண்டு மடங்கு தூரத்தில் ஒருவர், கடைசியாக வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் என்று சில பேரை மட்டும் தெரிந்திருக்கும். தேடுகிற பொருளின் பெயரைக் கணக்குப் போட்டு ஒரு எண்ணாக மாற்றினால், அதைப் பற்றிய விபரம் வட்டத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தாவலிலும் மிச்சத் தூரம் பாதியாகும். பத்து லட்சம் மெஷின் இருந்தாலும் சுமார் 20 தாவலில் போய்ச் சேரலாம். ஒவ்வொன்றும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதும் சுமார் 20 பேரைத்தான்.

முதல் முறை படித்தபோது நான் நம்பவில்லை. யாருக்கும் முழுசாகத் தெரியாது, ஆனால் எல்லோராலும் எதையும் கண்டுபிடிக்க முடியும். தலைவர் இல்லை, தலைமை அலுவலகமும் இல்லை. அடுத்த வருடம் வந்த கடெம்லியா என்ற இதே வகை முறையின் வழியில்தான் இன்றும் டொரண்ட் மென்பொருள்கள் நடு சர்வர் இல்லாமல் ஒருவரை ஒருவர் தேடிக்கொள்கின்றன.

ஆனால் இதை அப்படியே தூக்கி வந்து தோட்டத்தில் வைக்க முடியாது. கோர்ட் சரியான பெயர் தெரிந்தால்தான் கண்டுபிடிக்கும். நம்ம கேள்விகள் அப்படி இருப்பதில்லை. "நடந்து போகிற தூரத்துல, இன்னைக்கு, கைக்குழந்தைக்கான பால்மா யாருக்கிட்ட?" இதில் தூரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, வகை இருக்கிறது, பதிலோ மணிக்கு மணி மாறுகிறது. பெரிய கணினித் தொகுப்புகளிலும் இதே சிக்கல்தான். "எட்டு கிகாபைட்டுக்கு மேல மெமரி உள்ள, இப்ப சும்மா இருக்கிற மெஷின்" என்பது ஒரு பெயரில்லை, நிபந்தனைகளின் கூட்டம்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. 2001இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியானா யம்னிட்சி, இயன் ஃபோஸ்டர் இருவரும் நடுவில் எதுவுமே இல்லாமல் இப்படிப்பட்ட நிபந்தனைத் தேடலைச் செய்ய முடியுமா என்று பாவனைச் சோதனைகள் செய்து பார்த்தார்கள். கேள்வி வந்த மெஷினிடம் பதில் இல்லையென்றால் அதை யாருக்குத் தள்ளிவிடுவது? பல வழிகளை ஒப்பிட்டார்கள். நன்றாக வேலை செய்தது அனுபவ வழி. முன்பு இதே மாதிரிக் கேள்விக்குப் பதில் தந்தவரிடம் அனுப்பு, அப்படி யாரும் ஞாபகத்தில் இல்லையென்றால் எழுமாறாக ஒருவரிடம் அனுப்பு. அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த அக்காவின் தேவை எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது தெரியுமா? மேல் டிவிசன் மாமா ஒருத்தர் மண்சரிவைச் சுற்றி இறங்கி வந்து பேக்கரிக்காரரிடம் கேட்டிருக்கிறார். பேக்கரிக்காரர், "எனக்குத் தெரியாது, ஆனா கொரோனா நேரத்துல ரேஷன் ஏத்தினது அந்த ஓட்டோக்காரத் தம்பிதான், அவன்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றிருக்கிறார். ஓட்டோ அண்ணாவுக்கு எங்களைத் தெரியும். மூன்று தாவல், சர்வர் கிடையாது, சிக்னல் கிடையாது. ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த வழியை நம்ம பேக்கரிக்காரர் சும்மாவே நடத்திக் காட்டினார். நாலு நாள் ஆனதற்குக் காரணம், யாராவது ஒருவர் கிளம்பி இறங்கும் வரைக்கும் தாவல் தொடங்கவே இல்லை என்பதுதான்.

பட்டியல் யார் கையில்

தொழில்நுட்பத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. நம்ம ஆட்களுக்கு ஒரே கையில் இருக்கும் பட்டியல் புதுசில்லை.

எங்கே வேலை இருக்கிறது என்று கங்காணிக்குத்தான் தெரியும், அவர் சொல்கிற தோட்டத்துக்குத்தான் போகலாம் என்றிருந்த காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தத் தொழிலாளியை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்குப் பிறகு நூறு வருடம் தாண்டியும் எத்தனை லயங்களில் தனி வீட்டு முகவரி இல்லை? கடிதம் தோட்ட ஆபீசுக்கு வருகிறது, அங்கிருந்து எப்போது கைக்கு வருமோ அப்போதுதான். இன்டர்வியூ முடிந்த பிறகு இன்டர்வியூக் கடிதம் கிடைத்த ஒரு அண்ணாவை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் நம்மைத் தேடுகிறவர்களுக்கு ஒரே ஒரு பெயர் சர்வர், அதுவும் நம்முடையது இல்லை.

இப்போது நாமே ஒரு பட்டியல் செய்யப் போகிறோம். எந்த வீட்டில் தனியாகப் பெண் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி, யாரிடம் பணம் இல்லை, யாரிடம் அரிசி மூட்டை இருக்கிறது. நல்ல மனதோடுதான் செய்கிறோம். அது நாளைக்கு ஒரு அரசியல்வாதி கைக்கோ, வட்டிக்குக் கொடுக்கும் மைக்ரோ ஃபினான்ஸ் ஆள் கைக்கோ போகாது என்று நம்மில் யார் கையெழுத்துப் போடுவோம்? துண்டு துண்டாக, அந்தந்த லயத்தின் ஆள் கையிலேயே இருக்கும் தகவலை யாரும் ஒரே இரவில் அள்ளிக்கொண்டு போக முடியாது.

எதிர்க்கேள்விகள்

குழுவில் கேட்கப்பட்ட கேள்விகள் நியாயமானவை.

"பெரிய கம்பனிங்க எல்லாம் நடுவுலதானே கட்டுப்பாடு வச்சிருக்காங்க?" உண்மை. ஒரே தரவு மையத்துக்குள் அதுதான் எளிது, வேகமும் கூட. ஆனால் அவர்கள் அந்த நடுப்பகுதியை ஒன்றாக வைத்திருப்பதில்லை. மூன்று, ஐந்து பிரதிகள் வைத்து, ஒன்று செத்தால் மற்றவை தொடரும்படி செய்கிறார்கள். அதைக் காவல் காக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. நம்மிடம் இருப்பது பேட்டரி வீங்கிய ஒரு லேப்டொப்.

"நடுவுல யாரும் இல்லன்னா பொய் சொல்றவனை யார் புடிக்கிறது?" இது கஷ்டமான கேள்வி, மழுப்ப மாட்டேன். 2002இல் ஜோன் டூசர் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவாகக் காட்டினார். நம்பகமான நடுவர் ஒருவர் இல்லாத வலையமைப்பில், ஒரே ஆள் பல பெயரில் வந்து நிற்பதை முழுமையாகத் தடுக்க நடைமுறையில் வழியில்லை. சிபில் தாக்குதல் என்பார்கள். புயல் நேரத்தில் ஒருத்தரே நாலு பெயரில் பொதி வாங்கியதை நாமும் பார்த்தோம். ஆனால் கடெம்லியாவில் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. பழைய தொடர்பு பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வரை, புதிதாக வந்தவருக்காக அதை நீக்குவதில்லை. நெடுநாள் நின்றவர் இன்னும் நிற்பார் என்ற அனுபவக் கணக்கு. லயத்தில் முப்பது வருடம் இருப்பவரை ஏமாற்றி நாலு பேராக நடிக்க முடியுமா? கொழும்பில் இருக்கும் ஒரு ஃபோர்மை ஏமாற்ற முடியும். இந்த விஷயத்தில் நமக்கு மெஷின்களைவிட வசதி அதிகம், நமக்கு முகம் தெரியும்.

"எல்லாருக்கும் ஒரே தகவல் இருக்காதே?" இருக்காது. 1987இல் ஜெரொக்ஸ் ஆய்வுக்கூடத்தினர் தங்கள் வலையமைப்பின் பெயர்ப் பட்டியல் பிரதிகளை ஒத்திசைக்க வதந்தி பரவுகிற விதத்தையே முறையாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மெஷினும் அவ்வப்போது எழுமாறாக இன்னொன்றைச் சந்தித்து, உன்னிடம் புதுசு என்ன, என்னிடம் புதுசு என்ன என்று மாற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆளுக்கொரு தகவல் இருக்கும், பிறகு எல்லாம் ஒன்றாகிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நாலு நாள் ஒன்றுமே தெரியாமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியாது.

அப்ப என்ன செய்யலாம்

என் யோசனை இதுதான். ஆப்புக்கு முதல் கொப்பி.

ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பேர். ஒருவர் போதாது, அவர் வீட்டிலேயே மண் சரியலாம். அவர்களிடம் தங்கள் லயங்களைப் பற்றிய கொப்பி ஒன்று. அது அங்கேயே இருக்கும், அப்லோட் கிடையாது.

கொப்பியின் பின்பக்கத்தில் ஆறு ஏழு பெயர்: பக்கத்து இரண்டு டிவிசன், அடுத்த தோட்டம், தெல்தோட்டைப் பக்கம் ஒருவர், கலஹா டவுனில் ஒருவர், பேராதனையிலோ கண்டியிலோ ஒருவர். போன் நம்பரோடு, நடந்து போகிற வழியும் எழுதியிருக்க வேண்டும். கொஞ்சம் பக்கம், கொஞ்சம் தூரம்.

எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் திகதியும் நேரமும். நெருக்கடி நேரத்தில் ஒரு நாளைக்குள் யாரும் மறுபடி உறுதி செய்யாவிட்டால் அந்த வரியை வெட்டிவிட வேண்டும். பழைய உண்மை புதுப் பொய்யாக மாறுவதுதான் போன தடவை நம்மைக் கொன்றது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, சந்தைக்கு இறங்கும்போது, கொப்பிக்காரர்கள் யாராவது இருவர் சந்தித்துப் பின்பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்வது. நெருக்கடி வந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஒருவர் கிளம்பி அடுத்த கொப்பிக்குப் போக வேண்டும்.

நடுவில் ஏதாவது வேண்டும்தான் என்றால், எந்த டிவிசனின் கொப்பி யாரிடம் என்ற ஒரு பக்கம் மட்டும். அதற்கும் ஐந்து பிரதி. யாருக்கு என்ன இல்லை என்பது அதில் வரக்கூடாது.

இது ஆறு மாதம் ஓடட்டும். அதற்குப் பிறகு நான் ஆப் செய்கிறேன், கொப்பி எப்படி நடக்கிறதோ அப்படியே நடக்கிற ஆப். சிக்னல் இல்லாமல், இரண்டு போன் பக்கத்தில் வந்தால் மாற்றிக்கொள்கிற மாதிரி. கொப்பியில் ஓடாத ஒன்றை ஆப்பில் ஓட வைக்க எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு அந்த மேல் டிவிசனுக்குத்தான் முதல் கொப்பியைக் கொண்டு போனோம். யார் வைத்துக்கொள்வது என்று கேட்டபோது அந்த அக்காவே கையை நீட்டினார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பேக்கரிக்காரர் பேரைக் காணோமே" என்றார். எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கொப்பியோடு வாங்க. லேப்டொப் வேணாம்.